நீள்வட்டச் செயின்வீலும் பாலசமுத்திரத்து முழங்காலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பழனிக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பது பாலசமுத்திரம். பழனியைப் பார்த்து மிதித்தால் சைக்கிள் போகும். மலையைப் பார்த்து மிதித்தால் மூச்சுப் போகும். இந்நிலத்தில், கியர் வைத்த மலைச் சைக்கிளின் கியர்களைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு செயின்வீல், பின்னால் ஒரு பிரீவீல் என்று ஆக்கிக்கொண்டவர் ஏற்றத்தில் என்ன ஆவார் என்பதே ஆய்வுப் பொருள். காசு கொடுத்து வாங்கிய கியரைக் கழற்றுவானேன் என்று கேட்கலாம். அனைத்தையும் துறந்து கோவணத்தோடு நிற்கும் ஆண்டவனின் ஊர்ப்பக்கம் அக்கேள்வியை எழுப்புவது முறையன்று.

2. முழங்கால் இயல்

பெடல் உச்சியிலோ அடியிலோ நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் வீண். கிராங்க் படுக்கையாக வரும்போதுதான் மிதி, மிதியாகிறது. குரங்கு பெடல் போட்டவர்கள் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள். முழுச்சுற்றுக்குக் கால் எட்டாது என்பதால் பாதிச்சுற்று அழுத்தி, பெடலைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி அழுத்துவார்கள். வெறும் மிதியை அவர்கள் மிதிப்பதே இல்லை.

நீள்வட்டச் செயின்வீல் செய்வதும் இதற்குப் பக்கத்து வேலைதான். 32 பல் கொண்ட நீள்வட்டம், மிதி வலுவாக விழும் இடத்தில் ஏறக்குறைய 34 பல் போலவும், வெறும் மிதியில் 30 பல் போலவும் நடந்துகொள்ளும். முழங்கால் தடுமாறும் இடத்தை விரைந்து தாண்ட வைக்கும்.

3. முன்னோர் கொள்கை

ஜப்பானின் ஷிமானோ 1983இல் பயோபேஸ் என்ற வட்டமல்லாத செயின்வீலைக் கொண்டுவந்தது. அதில் எல்லாம் தலைகீழ்: வலுவான மிதிக்குச் சிறிய விட்டம், வெறும் மிதிக்குப் பெரிய விட்டம். முழங்கால்கள் முணுமுணுத்தன; சுமார் பத்தாண்டில் கடை கட்டியாயிற்று. பிறகு 2012இல் பிராட்லி விக்கின்ஸ், பிரான்ஸ் நாட்டு ஓசிமெட்ரிக் என்ற வட்டமல்லாத செயின்வீலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கோணலுக்கு மானம் திரும்பியது. ஆனால் அவர் சைக்கிளில் கியர் இருந்தது. செயின் தொய்ந்தால் இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த கை ஒன்று பின்னால் இருந்தது. நம்மவரோ அதையும் துறந்தவர்.

4. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

“இது கோட்டம்ணே, செயின் கழண்டுரும், மாத்திருங்க” என்பது சைக்கிள் கடை மரபினர் எழுப்பும் தடை. வாழ்நாளெல்லாம் கோட்டம் எடுத்தே பிழைப்பவரிடம் கோட்டத்தை விலை கொடுத்து வாங்கி மாட்டச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

இதற்கு விடை வானியலறிஞர் கெப்ளரிடம் உண்டு. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவதாக அவர் 1609இல் எழுதினார். ஆனால் சூரியன் நடுவில் இல்லை, ஒரு குவியத்தில் இருக்கிறது என்றார். செயின்வீலின் அச்சு அப்படி ஒதுங்கி உட்கார்ந்தால், அது அப்பழுக்கற்ற வட்டமாகவே இருந்தாலும், செயின் ஒரு பக்கம் முறுக்கும், மறுபக்கம் தொங்கும். உண்மையான கோட்டம் அதுவே. அச்சு நடுவில் இருக்கும்வரை, நடுவழியாக எந்தக் கோடு போட்டாலும் நீள்வட்டத்தின் சுற்றளவு சரிபாதியாகத்தான் பிரியும். செயின் எப்போதும் சுமார் பாதிப் பற்களையே சுற்றிக்கொண்டிருப்பதால், தொய்வு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்; கழன்று விழாது. ஆகவே கடைக்காரர் நோயைச் சரியாகச் சொன்னார், நோயாளியைத்தான் மாற்றிச் சொன்னார் என்க.

5. செய்முறை

கிராங்க்கை மெதுவாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, செயின் எங்கே அதிகம் முறுக்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அரை அங்குலம் ஆடும்படி வைக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் முறுக்கினால் பேரிங் கெடும். சாதா சைக்கிளில் பின் அச்சைப் பின்னுக்கு இழுத்தாலே போதும். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் அச்சை நகர்த்த இடமிராது. செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக ஒரு சிறு உருளை மாட்ட வேண்டும்.

6. முடிவு

சமதளத்தில் கால் வேகமாகச் சுழல்வதால் வட்டமும் நீள்வட்டமும் ஏறக்குறைய ஒன்றே. மலையடிவார ஏற்றத்தில், எழுந்து நின்று மெதுவாக மிதிக்கையில் வேறுபாடு தெரியும். ஆகவே பழனிக்கு மட்டும் போய்வருபவர் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம். மலைப்பக்கம் மிதிப்பவர் நீள்வட்டம் மாட்டலாம். அதற்கும் மசியாத ஏற்றம் வந்தால், நம் முன்னோர் கண்ட இரண்டாம் கியர் இருக்கிறது: இறங்கித் தள்ளுதல். அதற்கு எந்தச் செயின்வீலும் ஒத்துவரும்.