வாழைத் தோலுக்குள் எதிர்ப்பொருள்!

கேள்வி: துணிக்கைப் பௌதிகத்தையும் உயிரியலையும் சேர்த்து ஒரு செயற்றிட்டம் செய்யச் சொல்கிறார் சேர். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடத்தில் 27 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் செய்வதை நிந்தவூரில் எப்படிச் செய்வது?
– உயர்தர மாணவன், நிந்தவூர்

பதில்: சுரங்கம் வேண்டாம் தம்பி, சந்தைக்குப் போங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குங்கள். பழம் வீட்டாருக்கு, தோல் உங்களுக்கு.

வாழையில் பொற்றாசியம் அதிகம். இயற்கைப் பொற்றாசியத்தில் 0.0117 சதவீதம் பொற்றாசியம்-40. இதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி வருடம். ஒரு கிராம் பொற்றாசியத்தில் செக்கனுக்கு 31 அணுக்கள் சிதைகின்றன. ஒரு பழத்தில் இருப்பது அரைக் கிராம் அளவு. ஆகவே செக்கனுக்குப் பதினைந்து சிதைவு! பெரும்பாலும் இலத்திரன்தான் வெளியே வரும். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பொசித்திரனும் வரும். பொசித்திரன் என்றால் எதிர்ப்பொருள். செர்ன்காரர் பெரும் பணம் செலவழித்து உண்டாக்கும் எதிர்ப்பொருள், கல்முனைச் சந்தையில் குலைகுலையாகத் தொங்குகிறது!

இப்போது உயிரியல். இலைவாய்கள் திறந்து மூடுவது பொற்றாசியத்தால். பற்றாக்குறை வந்தால் வாழை தன் கிழட்டு இலையில் இருக்கும் பொற்றாசியத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். அதனால்தான் கிழட்டு இலையின் ஓரம் முதலில் கருகுகிறது. உங்கள் கேள்வி இதுதான்: குருத்து, கிழட்டு இலை, தண்டு, தோல், இவற்றில் பொற்றாசியம் எங்கே கூட? ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவைத்து, ஒரே நிறை எடுத்து, தனித்தனியே சாம்பலாக்கி, கைகர் எண்ணிக்குக் கீழே வையுங்கள். முதல் இரவு வெறும் தட்டை எண்ணுங்கள், அடுத்த இரவு சாம்பலை. 400 எண்ணினால் 20 கூடக்குறைய வருவது இயல்பு, அதை வைத்துக் கதை கட்டக் கூடாது. எண்ணி வேலை செய்கிறதா என்று பார்க்க, உரக்கடையில் பொற்றாசியம் குளோரைட்டு ஒரு கிலோ வாங்குங்கள். அதில் செக்கனுக்கு 16,000 சிதைவு. கருவி இல்லையா? தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்தில், சம்மாந்துறையில்தான் இருக்கிறது. சேரை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ரெஜிபோமில் அணு செய்து நிறம் பூசினால் பரிசு கிடைக்குமா?
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: ரெஜிபோம் கடைக்காரருக்குக் கிடைக்கும்.

கேள்வி: அரைவாழ்வுக் காலத்துக்கு நம்மூர் உதாரணம் ஒன்று?
– மாணவி, சாய்ந்தமருது

பதில்: பெருநாள் வட்டிலாப்பம். விருந்தாளி ஒவ்வொருவரும் இருப்பதில் பாதியை எடுப்பார். எத்தனை பேர் வந்தாலும் தட்டில் கொஞ்சம் மிஞ்சும், கழுவுகிறவருக்குத்தான் வேலை.

கேள்வி: மனிதர் உடம்பிலும் கதிர்த்தொழிற்பாடு உண்டா?
– வாசகர், ஒலுவில்

பதில்: உண்டு. 70 கிலோ ஆளுக்குள் 140 கிராம் பொற்றாசியம், செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேல் சிதைவு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயப்பட வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி: துணிக்கையைக் கண்ணால் பார்க்க முடியுமா?
– மாணவர்கள் மூவர், அட்டாளைச்சேனை

பதில்: அது போன பாதையைப் பார்க்கலாம். பௌதிகவியலாளர் வில்சன் 1911இல் பாதைகளைப் படம்பிடித்த முகிலறை போன்ற ஒன்றை நீங்களும் செய்யலாம். கண்ணாடிப் பெட்டி, மேலே ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணி, கீழே கறுப்புத் தகடு. தகடு மறை 26 பாகைக்கும் கீழே குளிர வேண்டும். மீன்காரரின் ஐஸ் தனியே போதாது. பெல்டியர் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின் சூட்டை இழுக்க அடியில் அந்த ஐஸைப் போடுங்கள். விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள். நேராக, மெலிதாகக் கோடு விழுந்தால் மியூவோன். நெளிந்தால் இலத்திரன். குட்டையாகத் தடித்தால் அல்பா.

மியூவோன், நிமிடத்துக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒன்று வரும். படுத்துத் தூங்கும் ஒருவரை ஓரிரவில் எத்தனை துளைக்கும் என்று கணக்குப் போடுங்கள். முப்பது இலட்சம் அளவில் வரும். அப்படியிருந்தும் சுபஹுக்கு எழும்புகிறோமே, எப்படி? கலங்கள் தங்கள் டீஎன்ஏயை இரவு பகலாகத் திருத்துகின்றன. முகிலறையைச் செயற்றிட்டமாக்கினால், அந்தத் திருத்த வேலைதான் அதன் உயிரியல் பாதி.

கேள்வி: அற்ககோலா? வாப்பா விடமாட்டார்.
– அதே மூவரில் ஒருவர்

பதில்: கொரோனாக் காலத்தில் வாப்பாவே கையில் பூசியிருப்பார், ஞாபகப்படுத்துங்கள். குடித்தால் நஞ்சு, நெருப்புப் பட்டால் பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக்குத் தூரமாகச் செய்யுங்கள்.

கேள்வி: உம்மாவுக்குப் பெட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். உடம்புக்குள் கதிர் மருந்து ஏற்றுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– மகள், கல்முனைக்குடி

பதில்: தங்கச்சி, பயம் நியாயமானது. நடப்பதைச் சொல்கிறேன். குளுக்கோசு போன்ற ஒரு பொருளில் புளோரின்-18 சேர்த்து ஏற்றுவார்கள். பல புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அதிகமாக உறிஞ்சும். அங்கே புளோரின் பொசித்திரனை விடும், அது ஓர் இலத்திரனோடு மோதி இரண்டும் மறையும், இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படும். இயந்திரம் அந்த இரண்டையும் பிடித்து, நோய் எங்கே என்று சொல்லும். புளோரினின் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடம். பதினொரு மணித்தியாலத்தில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். எத்தனை மணித்தியாலம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் கேளுங்கள்.

2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு இந்த இயந்திரம் வாங்க இந்நாட்டு மக்கள் இனம் மதம் பாராமல் பணம் சேர்த்தார்கள். மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை அதற்கு முன்நின்றார். உம்மா சுகப்பட துஆ செய்கிறேன்.

கேள்வி: இந்தத் துறையில் நம் நாட்டார் யாராவது?
– வாசகர், காரைதீவு

பதில்: ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தவர், தோரியனைற்று என்ற கதிர்த்தொழிற்பாட்டுக் கனிமத்தை 1904இல் உலகம் அறிந்ததில் அவருக்குப் பங்குண்டு. பிறகு நடராசர் நடனம் பற்றி எழுதினார். 2004 முதல் செர்ன் வளாகத்தில் நிற்பது ஒரு நடராசர் சிலை. கல்லையும் கலையையும் ஒரே ஆள் படித்தார், பிரிவு கேட்டு யாரும் மறிக்கவில்லை.

கேள்வி: மகள் பயோ படிக்கிறாள். பௌதிகத்தைப் பரீட்சைக்கு மட்டும் பாடமாக்கினால் போதாதா?
– தாய், மருதமுனை

பதில்: போதாது! பயோ, மெத்ஸ் என்று வேலி போட்டவர்கள் நாங்கள்தான், உடம்புக்குள் அந்த வேலி கிடையாது. புற்றுநோயாளியின் கட்டிக்கு எவ்வளவு கதிர், எந்த மில்லிமீற்றரில் பட வேண்டும் என்று கணக்கிடுகிற மருத்துவப் பௌதிகவியலாளர் இரண்டையும் கற்றவர். உங்கள் மகள் அப்படி வரலாம். இந்தச் சனிக்கிழமை ஒரு டியூஷனை நிறுத்திவிட்டு முகிலறை செய்யச் சொல்லுங்கள். ஐஸ் காசு நீங்கள் கொடுங்கள்.