பெயிண்டு அடிச்ச மருமகனுக்கு

வாய்யா மருமகனே, ஒக்காரு. ஜீப்புல லைட்டு எரியலைன்னு நாலு தடவ பல்பு மாத்துனியாமே? நல்லது. பல்பு விக்கிறவனுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல.

ஒஞ் சீஜே த்ரீபி ஜீப்போட பானெட்டப் பாத்தாலே பெருமையாத்தான் இருக்கு. 1953-ல வில்லீஸ்காரன் புது எஞ்சின் ஒசரமாப் போச்சேன்னு பானெட்டத் தூக்கிக் கட்டுனான். நீ அதுக்கு மேல மூணு கோட்டு பச்சப் பெயிண்டு அடிச்சிருக்க. லைட்டு மாட்டுற கிண்ணம், போல்டு ஓட்டைன்னு ஒண்ணு விடல. அங்கதான்யா வெனை.

வண்டியில பாதி ஒயரே கெடையாது, தெரியுமா? பேட்டரியில கெளம்புற கரண்டு ஒயரு வழியாப் பல்புக்குப் போவும். திரும்பி வர பாடியும் சேசிசும்தான் ரோடு. அதத்தான் எர்த்துங்கிறோம். நீ அந்த ரோட்டுல வேலியப் போட்டுட்ட. போனவன் எப்படி வீடு திரும்புவான்? சந்துபொந்துல நொழஞ்சுதான் வருவான். அதான் இண்டிகேட்டரப் போட்டா பார்க் லைட்டும் சேந்து கண்ணடிக்குது. காத்துக்கருப்புன்னு எலுமிச்சம்பழம் வேற கட்டித் தொங்கவிட்டுருக்க. அத எடுத்து ஜூஸ் போட்டுக் குடி, வேல கெடக்கு.

நீளமா ஒரு ஒயரு எடு. ஒரு நுனி பேட்டரி மைனஸ்ல, மறு நுனி லைட்டோட எர்த்து முனையில. பளிச்சுன்னு எரிஞ்சா பல்பு மேல குத்தமில்ல, ஒம்மேலதான். எர்த்து போல்டச் சுத்தி உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேயி. இறுக்கி முடுக்கி, மேல கிரீஸத் தடவு. பேட்டரியிலருந்து சேசிசுக்கு, சேசிசுலருந்து பாடிக்கு, எஞ்சினுக்கு, எல்லா முடிச்சயும் பாரு. ஆசையா அடிச்ச பெயிண்டாச்சேன்னு அழாத. காசு அளவு சொரண்டுனாப் போதும்.

அப்புறம், 100 வாட் பல்பு யாரு சொல்லி வாங்குன? ரெண்டும் எரிஞ்சா 16 ஆம்பியருக்கு மேல இழுக்கும். காலால மிதிக்கிற ஒன் டிம்மர் சுவிட்சு சேறும் தண்ணியும் குடிச்சுக் கெழடாயிருச்சு. அது தலையில இம்புட்டையும் ஏத்துனா கருகாம என்ன செய்யும்? ரிலே ரெண்டு போடு. சுவிட்சு உத்தரவு மட்டும் குடுக்கட்டும், பாரத்த ரிலே சொமக்கட்டும். பீஸ் போனா சிகரெட்டு சில்வர் பேப்பரச் சுத்துற வேலையும் வேணாம். போன வருசம் நீ சுத்துன நாத்தம் ஒங்க அத்தை மூக்குல இன்னும் நிக்கிது.

இத முடிக்காம ராத்திரியில போடிமெட்டு ஏறிராத. 17 கொண்டை ஊசி வளைவு, ஒங் காசுக்குப் பயப்படாது.

கழட்டுன பல்பயெல்லாம் தூக்கிப் போட்றாத, இங்க கொண்டா. எல்லாம் நல்ல பல்புதான். என் ஜீப்புக்கு மூணு வருசம் வரும்.