பூனைக்காலி விதையும் மாத்திரைச் செலவும்

கேள்வி: பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சியால் ஏழை நோயாளிக்கு என்ன பயன்?

பதில்: மாத்திரையே கிடைத்திருக்கிறதே! மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் கை நடுங்குகிறது, உடம்பு இறுகுகிறது. அதை ஈடுகட்டும் லெவோடோபாவை 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது மருந்தாக நிலைபெற்றது 1960-களில்தான். இன்றும் அதுவே முதன்மை மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் தினமும் பல வேளை, ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சைக்கோ பல லட்சம்! நடுக்கம் அப்பாவின் கையோடு நிற்கட்டும், பில்லைப் பிடிக்கும் மகன் கைக்கும் வர வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரை ஒருநாளும் தீர்ந்துபோகக் கூடாது. (விதையை நீங்களே அரைத்துக் குடிக்காதீர்கள், அளவு மருத்துவர் சொல்ல வேண்டியது.)