ஒவ்வொரு நோட்டும் சுத்தம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது காரங்காடு. படகேறிக் காடு பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இந்த மாவட்டத்து நீர்நிலைகளுக்கு வரும் பறவைகளை வனத்துறை விடாமல் கணக்கெடுக்கிறது. கணக்கு எழுதுவதில் நம் அரசுக்குத் தங்கமான கை. அதை வாயாரப் புகழத்தான் வேண்டும்.

இந்தக் கரையிலிருந்து ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நம்பர் ஆனதும், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைத்துவிடும். அடுத்த வாய்தா என்றைக்கு என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பைத் திறந்தால், கீழமை நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகள் எத்தனை ஆண்டுகளாக நிற்கின்றன என்று யாருக்கும் தெரியும். வழக்கின் வயது அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அதை நடத்துகிறவளின் உடம்புக்கு இடையில் என்ன ஆயிற்று என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை.

சுகாதாரத் துறை இன்னும் ஒரு படி மேல். கர்ப்பத்தைப் பதிந்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், ஸ்கேன், பிரசவம், பிள்ளையின் தடுப்பூசி எல்லாம் அதற்குள் வந்துவிடும். 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, எழுதிக்கொண்டும் போகிறார். வாய்தாவுக்கு முந்தின ராத்திரி அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் இல்லை. காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மாத்திரை விட்டுப்போகிறது, அன்றைய கூலியும் போகிறது. வக்கீல் குமாஸ்தா எழுதிக்கொடுத்த தேதிச் சீட்டும், மடங்கிப்போன மாத்திரை அட்டையும் ஒன்றாகக் கிடப்பது அவளுடைய பையில் மட்டும்தான்.

சட்டத்தையும் குறை சொல்லக் கூடாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், மருத்துவ வல்லுநரின் உதவியைப் பெற 12-ஆம் பிரிவிலேயே வழி வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயலச் சொல்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்று எழுதிவைத்திருக்கிறது. அவர்களில் கோர்ட்டுக்குப் போனவர்கள் வழக்கு இழுத்த காலத்தில் என்ன நோயோடு கிடந்தார்கள் என்று கேட்டால், பதில் இரண்டு அலுவலகங்களில் பாதிப்பாதியாகப் பத்திரமாக இருக்கிறது.

பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாத அரசும் இல்லை இது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பங்களைச் சலித்தபோது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா, நிலம் எவ்வளவு, கார் உண்டா, வருமான வரி கட்டுகிறார்களா என்று துறை துறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் தகுதியில்லாத ஒருத்திக்குப் போய்விடக் கூடாது என்பதில் அத்தனை சிரத்தை.

வேல்ஸில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் செயில் தரவு வங்கியில் இதே வேலையை வேறு காரியத்துக்குச் செய்கிறார்கள். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, குடும்ப வழக்குப் பதிவுகளை மருத்துவப் பதிவுகளோடு இணைக்கிறார்கள். வழக்குக்கு வரும் தாய் தந்தையரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம், அதுவும் கோர்ட் படி ஏறும் முன்பே, என்று அதில் தெரியவந்தது. அப்படியானால் உதவியை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கலாம். பெயரை நீக்குவது கட்டாயம்தான். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாள் என்ற ஒரு வரி எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்தால், பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்க அதையே ஆதாரமாக நீட்டுவார். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனியாளைப் பற்றி முடிவெடுக்காத ஆய்வுக்கு, நெறிமுறைக்கு உட்பட்டு விலக்குத் தருகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஐந்தாண்டு ஜீவனாம்ச, குடும்ப வன்முறை வழக்குகளை மட்டும் முதலில் எடுத்து, பெயர் நீக்கி, சுகாதாரப் பதிவோடு சேர்த்துப் பார்க்க உயர் நீதிமன்றமும் சுகாதாரத் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக அந்தப் பெண்ணிடம் புதிதாக ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியதில்லை. கேட்டதையெல்லாம் அவ்வளவு ஒழுங்காக ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள்.