ஜீவகாருண்யத்திற்கு ஒரு விலாசம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் மனிதனுக்குச் சர்க்கரை வியாதியும் சமூகத் தொண்டில் ஆசையும் பெரும்பாலும் ஏககாலத்திலேயே வந்து சேருகின்றன. முன்னதை வைத்தியர் கவனித்துக்கொள்கிறார், பின்னதை வீட்டார்தாம் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நாள் முழுக்க என்னையே மேய்க்கிறதுக்கு நாலு நாயைப் போய்ப் பார்த்துக்கலாமே" என்று என் தர்மபத்தினி அருளிய வாக்கியத்தை, அவள் எந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தாலும், நான் ஜீவகாருண்ய உபதேசமாகவே ஏற்றுக்கொண்டேன்.

இவ்விஷயத்தில் சென்னைவாசிக்கு வறுமை கிடையாது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவின் பயனாகத்தான் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம் உண்டாயிற்று. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவியும் அவரே. அதற்கும் முன்னதாக, 1959-லேயே, ப்ளூ கிராஸ் இங்கே தோன்றிவிட்டது. இத்தனை பாரம்பரியமுள்ள பட்டணத்தில் ஒரு கிழவனுக்கா வேலை அகப்படாது?

முதலில் அகப்பட்ட சங்கத்தில் பிராணிகளைக் காட்டிலும் நிர்வாகஸ்தர்கள் அதிகம். அவர்கள் எனக்குக் காப்பி கொடுத்து உபசரித்து, அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் அங்கத்தினனாக்கிவிட்டார்கள். அதில் அடிபட்ட நாயின் படத்தை ஒருவர் போடுவார். கண்ணீர் விடும் பொம்மைகளைப் பலர் போடுவார்கள். "யாராவது உடனே போங்கள்" என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த 'யாராவது' என்னும் மகானுபாவர் மட்டும் குழுவில் சேர்ந்திருக்கவில்லை. அடுத்த சங்கத்தார் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுவதற்குமுன் புகைப்படக்காரருக்குச் சொல்லியனுப்பும் சுபாவமுடையவர்கள். அவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

கடைசியில் புறநகர்க் காப்பகம் ஒன்றில், கருணையைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தை முதல் வாக்கியத்திலேயே தடுத்து நிறுத்திய ஓர் அம்மாள், "வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டிருக்கீங்களா, சார்?" என்று கேட்டார். என்னைத்தான் இன்னும் எதுவும் கடிக்கவில்லையே என்றேன். "கடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். இன்னிக்கு ஒண்ணு, 7-ஆம் நாள் ஒண்ணு, 21-லேயோ 28-லேயோ ஒண்ணு. முடிச்சிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலே வாங்க, அன்னிக்குத்தான் ஆள் வர்றதில்லை" என்றார். அவ்வாறே போனபோது, கையில் ஒரு துடைப்பமும் பினாயில் பாட்டிலும் தரப்பட்டன. என்னால் ஆகக்கூடிய காரியம் இன்னதென்று அந்த அம்மாள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டதை, எங்கள் ஆபீஸ் முப்பது வருஷத்தில் கண்டுகொள்ளவில்லை.

கூண்டு கழுவுவதைக் காட்டிலும் கடினமான வேலை என் தெருவில்தான் காத்திருந்தது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியைச் சிறிது கத்தரித்து எங்கள் தெரு நாயைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர், "புண்ணிய காரியம் சார், அதை அடுத்த தெருவிலே விட்டா என்ன?" என்றார். தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2001-ஆம் வருஷத்து விதி. 2023-ல் வந்த புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. ஒரு நாயை அப்புறப்படுத்தினால், காலியான வீட்டுக்குக் குடித்தனக்காரர் வருவதுபோல, கருத்தடை செய்யாத வேறொன்று அங்கே வந்து சேரும் என்று விஸ்தாரமாக விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்போ ரெண்டு தெரு தள்ளி?" என்றார்.

வாசகர்களில் எவருக்கேனும் இந்த ஆசை உண்டானால், ஒரு சங்கத்தில் சேருமுன் அதன் கூண்டுத் தரையைப் போய்ப் பாருங்கள். எங்கள் காப்பகத்தில் பழைய போர்வைகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் எப்போதும் பஞ்சம். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். ஊசியை முடித்துக்கொண்டு வாருங்கள். துடைப்பம் தயாராக இருக்கிறது.