வலிய கையும் வராத கூலியும்: கல்முனைக் கடற்கரையில் ஒரு கள ஆய்வு

ஆய்வுக் களம், கல்முனைக் கடற்கரையில் வலை அடுக்கி வைத்திருக்கும் ஒரு வாடி. காலம், மாரி. வாடைக் காற்று கிளம்பி வள்ளங்களெல்லாம் கரையேறிக் கிடக்கும் நாட்கள். உபகரணங்கள்: ஒரு பாய், முப்பத்திரண்டு கடதாசி, ஒரு பை புளியங்கொட்டை. ஆட்கள் நான்கு பேர். பின்னால் நிற்பவர்கள் தனி. (பின்னால் நிற்பவர்களை வாசகர் மறந்துவிடக் கூடாது. இந்த ஆய்வைக் கெடுத்ததே அவர்கள்தான்.)

ஆய்வு வினா இது: கையில் மிக வலிய சீட்டு இருந்தும் அதற்குரிய கூலி வராமல் போவது ஏன்?

இந்த வினாவில் அமெரிக்கர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய போக்கரில் எல்லையில்லாப் பந்தயம் என்று ஒரு வகை உண்டு. தன் முன்னால் கிடக்கும் காசு முழுவதையும் ஒருவன் எந்த நேரமும் நடுவில் தள்ளலாம். முதல் இரண்டு சீட்டும் ஏஸாக விழுவது 221 தடவைக்கு ஒரு தடவை. விழுந்த உடனே புதியவர் செய்கிற காரியம் பதுங்குவது. தடபுடலாகக் காசு கட்டினால் எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழும்பிவிடுவான் என்ற பயம்.

கணக்குத் தெரிந்தவர்கள் இதற்குச் சம்மதிப்பதில்லை. நடுவில் 10 ரூபாய் கிடக்கிறது என்று வையுங்கள். அதே அளவு கட்டி, ஒருவன் ஈடுகொடுத்தால் 30. அடுத்த சுற்றிலும் அப்படியே என்றால் 90. கடைசிச் சுற்றில் 270. முதல் சுற்றில் பதுங்கியவனுக்கு 90உடன் கடை சாத்தப்படும். அந்த 180 ரூபாய் வித்தியாசத்தில் பாதி தன் காசு, பாதி எதிராளியுடையது. ஆக, பதுங்கலின் விலை 90 ரூபாய்.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்பவர் போக்கரின் அடிப்படைத் தேற்றம் என்று ஒன்றை வகுத்திருக்கிறார். உன் சீட்டைப் பார்த்திருந்தால் எதிராளி எப்படி ஆடியிருப்பானோ, அதற்கு மாறாக அவன் ஆடும் ஒவ்வொரு தடவையும் உனக்கு லாபம். மைக் காரோ 1984இல் ஆட்டக்காரர்களின் உடல் மொழிக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்: வலுவுள்ளவன் மெலிந்தவன்போல நடிப்பான், மெலிந்தவன் வீரம் காட்டுவான். இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இருவரும் எதிராளியை அந்நியன் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிராளி மச்சானாக இருந்தால் என்ன ஆகும்?

எங்கள் பக்கத்து ஆட்டம் முன்னூற்றி நாலு. ஜேக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதை வைத்தே 160இலிருந்து கேட்க வேண்டும். கூடக் கேட்டவன் துரும்பைக் கவிழ்த்து வைப்பான். பிறகுதான் மற்ற நான்கு. எங்கள் பாயின் கணக்கில் 160 கேட்டு வென்றால் ஒரு கொட்டை, 200க்கு இரண்டு, 250க்கு மூன்று. தோற்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை கூடக் கொடுக்க வேண்டும். கேட்டவனைத் தோற்கடிப்பது நாமே கேட்டு வெல்வதைவிட லாபம் என்பதைக் கவனிக்கவும். என் வீழ்ச்சி இங்கிருந்துதான் தொடங்கியது.

புளியங்கொட்டை எதற்கு என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். காசு வைத்து ஆடுவது ஹராம். அதில் இரண்டு பேச்சில்லை. முன்பு தோற்றவன் பிளேன்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதுவும் பந்தயம்தான் என்று ஒரு பெரியவர் சொன்னதிலிருந்து எங்கள் வாடியில் சட்டம் மாறியது. இப்போது வென்றவன், சந்தோஷத்துக்காக, எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கிறான்.

இனி மச்சான். இந்தக் கரையில் குடி தாய்வழியாக இறங்கும். கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆராய்ந்து 2008இல் இதைப் பற்றித் தடித்த நூலொன்று வெளியிட்டார். அதோடு நான் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன்: இம்முறையின்படி ஒரு மனிதன் தன் பெண்சாதியின் சகோதரனுக்கு எதிரில் உட்கார்ந்துதான் ஆயுள் முழுக்கக் காட்ஸ் அடிக்க வேண்டும். நான் எப்போது பொய் சொல்கிறேன் என்பது என் மச்சானுக்கு வீட்டுச் செய்தியாகவே வந்து சேர்ந்துவிடும்.

இப்போது சோதனை. கடந்த மாரியில் ஒரு பின்னேரம் முதல் நான்கு சீட்டைத் தூக்கினேன். இஸ்பேட் ஜேக், இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் பத்து. ஓர் இனத்தின் உச்சி நான்கும் ஒரே கையில் இப்படி வந்து விழ 8,990இல் ஒரு வாய்ப்பு. நான் நாள்தோறும் பத்து ஆட்டம் ஆடினாலும் இன்னொரு தடவை காண ஏறக்குறைய இரண்டரை வருஷம் செல்லும். 250 கேட்டிருக்க வேண்டும். நான் பதுங்கினேன். குறைத்துக் கேட்டால் மச்சான் 200க்கு ஏறுவான், அவனை விழுத்தி மூன்று கொட்டை எடுக்கலாம் என்பது என் திட்டம். காரோ சொன்னபடி முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு, பெருமூச்சு ஒன்றும் விட்டு, "நூத்தறுவது" என்றேன்.

மச்சான் சீட்டைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தான்.

"மச்சான், நீங்க கால ஆட்டுறத்த நிப்பாட்டிட்டீங்க. நல்ல சாமான் கெடக்கு போல."

உடனே ஆட்டத் தொடங்கினேன். அது இன்னும் பிழையாகப் போயிற்று. அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது, மற்றவன் ஏறலாம். அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்று என் கையை எட்டிப் பார்த்த மாமா, நல்ல மனுசன், கபடமில்லாதவர், வாய்தவறி "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டார்.

பாஸ். பாஸ். என் பங்காளியும் பாஸ்.

முப்பது வருஷமாக முகத்தை மறைக்கப் பழகிய எனக்கு முதுகை மறைக்கத் தெரியவில்லை. போக்கர் நூல்கள் முன்னால் இருப்பவனின் கண்ணைப் பற்றி எவ்வளவோ சொல்கின்றன. பின்னால் நிற்பவரின் ஈமானைப் பற்றிச் சொல்லக் காணேன்.

ஆட்டத்தை வென்றோம். 160 கேட்ட கைக்கு 270 வந்தது. கூலி ஒரு கொட்டை. அதுவே அன்றைய கடைசி ஆட்டமாகவும், அந்த ஒரு கொட்டையாலேயே நாங்கள் முந்தியவர்களாகவும் ஆகிப்போனதால் வாடிச் சட்டம் என் பக்கம் திரும்பியது. பங்காளி பேர்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான். நின்றவர்களையும் சேர்த்து ஒன்பது பேருக்கு நான் காசு கொடுத்தேன்: எட்டுப் பிளேன்டி, மாமாவுக்கு மட்டும் பால் டீ.