ராக்கெட்டுக்கு ஒரு கரண்டித் தேன்

எங்கள் வீட்டு நாயின் பெயர் ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்ட அன்று பிறந்ததால் வந்த பெயர் அது. மற்றபடி வேகத்துக்கும் அதற்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நாய்க்கு யார் சொல்வது? முதல் உறுமல் கேட்டதும் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் புகுந்துகொள்ளும். மறுபடி மீன் வாசனை வந்தால்தான் தலையை நீட்டும்.

தாம்பரத்திலிருந்து வந்த மச்சான் இதைப் பார்த்துவிட்டு, "நாய்க்கு எனர்ஜி இல்ல மாமா. தினம் ஒரு கரண்டித் தேன் கொடுங்க" என்றார். போனில் வந்ததாம். தெம்பு வரும், இருமல் போகும், மூட்டுவலி தீரும், முடி பளபளக்கும் என்று பட்டியல் நீண்டது. அதில் பாதி வியாதி எனக்கு இருக்கிறது. என் பக்கம் யாரும் கரண்டியை நீட்டவில்லை.

எங்கள் ஊர் நாய்களுக்குத் தெம்பு குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு இங்கே காலங்காலமாகப் பாடு முறை உண்டு. முறை தப்பினால் பஞ்சாயத்துதான். நாய்களும் அதைப் பார்த்தே வளர்ந்தவை. ஏலம் போடும் இடம் கறுப்பனுக்கு, இறால் கூடை இறக்கும் இடம் குட்டைவாலுக்கு, கருவாடு காயும் மணல் எங்கள் ராக்கெட்டுக்கு. ஒரு மடவைத் தலை தவறி விழுந்தாலும் அது யார் பாட்டில் விழுந்தது என்று பார்த்துத்தான் மற்றவை குரைக்கும்.

மச்சானின் யோசனைக்கு முதல் தடை ஆயாவிடமிருந்து வந்தது. "நல்ல தேன நாய் நக்காதுடா. நக்கினா அது சக்கரப்பாகு" என்றாள். தேன் வாங்கும்போது நாயைக் கூப்பிட்டு வைத்துச் சோதிப்பது அவள் காலத்து வழக்கம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். மூன்றும் தேறினால்தான் காசு.

எனக்குத் தலை சுற்றியது. தேன் நல்லதென்றால் நாய் தொடாது, பிறகு தெம்பு எப்படி வரும்? நாய் நக்கினால் தேன் போலி, அப்போதும் தெம்பு எப்படி வரும்? மச்சான் யோசித்துவிட்டு, "சோத்துல கலந்து கொடுங்க" என்றார்.

சீமைக்கருவேலப் புதரில் கொம்புத்தேன் எடுத்து வரும் இருளர் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் வருவார். அவரிடம் ஒரு பாட்டில் வாங்கி, ஆயா முன்னிலையில் என் புறங்கையில் நாலு சொட்டு விட்டுக்கொண்டேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை ராக்கெட். ஒரே நக்கு. தேனோடு, காலையில் பூசிய தைலமும் போயிற்று.

ஆயா பாட்டிலைத் திருப்பி நீட்டினாள். பெரியவர் வாங்கவில்லை. "நல்ல தேன நாய் நக்காதுன்னு உனக்கு நாயா வந்து சொல்லிச்சு?" என்றார். அவர் வீட்டு நாய், அடை பிழியும்போது சிந்தும் மெழுகைக்கூட விட்டுவைப்பதில்லையாம்.

நியாயம் அவர் பக்கம்தான். நாய் நாக்குக்கு இனிப்பு தெரியும். தெரியாதது பூனைக்கு. அதற்கான மரபணு பூனைக்குப் பழுது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே தேன் சோதனைக்குப் பூனையை வைத்தால் ஊரில் உள்ள சர்க்கரைப்பாகு அத்தனையும் சுத்தமான தேன் ஆகிவிடும். 2020-இல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனைச் சோதித்தது. ஜெர்மனிக்கு அனுப்பிச் செய்த சோதனையையும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே. கம்பெனிகள் மறுத்தன. ஜெர்மனி வரை போக வேண்டிய வேலையை ராக்கெட் தலையில் கட்டப் பார்த்தாள் ஆயா. ஆனால் போலியைக் கண்டால் ராக்கெட்டுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊர் டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எலும்பை அது ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவர்கள் சொல்வதில் மச்சானின் பட்டியல் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. நல்ல உடம்புள்ள வளர்ந்த நாய் கொஞ்சம் நக்கினால் குற்றமில்லை. குட்டிக்கு வேண்டாம், தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஆபத்து. குண்டு நாய்க்கும் சர்க்கரை வியாதி நாய்க்கும் வேண்டாம். திடீரென்று சர்க்கரை இறங்கிச் சாய்ந்த நாய்க்கு ஈறில் கொஞ்சம் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடலாம். தேனுக்கு உண்மையான எனர்ஜி வேலை அது ஒன்றுதான். கருவாட்டு மணலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் நாய்க்கு அதில் ஒன்றும் பொருந்தாது.

மிச்சத் தேனைப் பேரப்பிள்ளையின் இருமலுக்கென்று ஆயா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்புச் சுருக்குப்பையில். அவள் தண்ணீர் பிடிக்கப் போனாலும், ரேஷன் கடைக்குப் போனாலும், முகத்துவாரம் வரை போனாலும், சுருக்குப்பையைப் பார்த்தபடி ராக்கெட் பின்னாலேயே ஓடுகிறது. மச்சான் அதைத்தான் எனர்ஜி என்கிறார்.